செய்தியும் தீர்ப்பும்

நுழையும்முன்

அறிவியல், தொழில்நுட்பம், கணினி விளையாட்டு ஆகியவை பற்றிய செய்திகள் நாள்தோறும் வந்து குவிகின்றன. செய்தி வந்த மறுநொடியே அதைப் பற்றிய தீர்ப்பும் வந்துவிடுகிறது. ‘விந்தை’ என்று ஒருவர் வியக்கிறார். ‘வீண்’ என்று மற்றொருவர் தள்ளுகிறார். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உண்மை எங்கே நிற்கிறது என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் சிலவற்றின்வழி ஆராய்கிறது இப்பாடம்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் உலகின் பல நாளிதழ்களில் ஒரு செய்தி வெளியானது. அறிவியலாளர்களால் பத்தாண்டுகளுக்கும் மேலாக விடுவிக்க முடியாத புதிர் ஒன்றைக் கணினி விளையாட்டாளர்கள் மூன்றே வாரங்களில் விடுவித்துவிட்டனர் என்பது அதன் சாரம். சில தலைப்புகள், எய்ட்ஸ் நோய்க்கே தீர்வு கிடைத்துவிட்டது என்று எண்ணும்படி அமைந்திருந்தன.

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் எழக்கூடிய கருத்துகளை ஊகிப்பது கடினமில்லை. “அப்படியானால் ஆய்வுக்கூடங்கள் எதற்கு?” என்று ஒருவர் கேட்பார். “விளையாட்டை இனி யாரும் குறைசொல்ல வேண்டா” என்று மற்றொருவர் மகிழ்வார். “இவையெல்லாம் கட்டுக்கதை” என்று மூன்றாமவர் ஒதுக்கிவிடுவார். மூன்று கருத்துகளும் தலைப்பைப் படித்தவுடன் பிறப்பவை. மூன்றுமே பிழையானவை என்பதை அறியச் செய்தியின் உள்ளே சென்று பார்க்க வேண்டும்.

மடிப்பில் மறைந்த புதிர்

உயிரணுக்களில் நடைபெறும் பணிகளுள் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். உணவைச் செரிக்கச் செய்வதும், குருதியில் உயிர்வளியை ஏந்திச் செல்வதும், நோய்க்கிருமிகளை எதிர்ப்பதும் அவற்றின் பணிகளே. இருபது வகையான அமினோ அமிலங்கள் மணிகளைப் போல வரிசையாகக் கோக்கப்பட்டு ஒரு புரதம் உருவாகிறது. ஆனால், கோத்த மாலை நீண்டு கிடப்பதில்லை. தானாகவே சுருண்டு, மடிந்து, ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அடைகிறது. அந்த வடிவமே புரதத்தின் பணியை முடிவுசெய்கிறது. பூட்டின் உள்ளமைப்புக்கு ஏற்பத் திறவுகோல் செய்வதைப்போலப் புரதத்தின் வடிவத்தை அறிந்தால் அதனைத் தடுக்கும் மருந்தையும் திட்டமிட்டு உருவாக்க முடியும்.

மணிகளின் வரிசையைக் கண்டறிவது எளிதாகிவிட்டது. அந்த வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிப்பதுதான் அரிதாக இருந்தது. நூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறிய புரதத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அமினோ அமிலமும் மூன்றே மூன்று நிலைகளில் நிற்கக்கூடும் என்று வைத்துக்கொண்டாலும், அப்புரதம் அடையக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கை 48 இலக்கங்கள் கொண்டதாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க எந்தக் கணினிக்கும் காலம் போதாது.

ஆகவே, வடிவத்தை நேரடியாகக் காணும் முறைகளையே ஆய்வாளர்கள் நாடினர். புரதத்தைப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, சிதறும் கதிர்கள் பதிக்கும் புள்ளிகளிலிருந்து வடிவத்தைக் கணக்கிடுவது அவற்றுள் முதன்மையானது. இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. புள்ளிகளின் செறிவை அளக்கலாம். ஆனால், கணக்கிடுவதற்குத் தேவையான மற்றொரு விவரமாகிய அலைகளின் கட்டம் படத்தில் பதிவாவதில்லை. ஏறத்தாழச் சரியான மாதிரி ஒன்று கையில் இருந்தால் அதைக் கொண்டு அக்குறையை ஈடுசெய்யலாம். அத்தகைய மாதிரி கிடைக்காதபோது ஆய்வு அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

> தெரிந்து தெளிவோம்
>
> புரத வடிவ ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் தனி இடம் உண்டு. அங்கு இயற்பியல் துறைத் தலைவராக இருந்த கோ. நா. இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை 1954இல் முன்மொழிந்தார். 1963இல் ச. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் திரும்ப முடியாது என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். ‘இராமச்சந்திரன் வரைபடம்’ எனப்படும் அது, புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்கள் சரியானவையா என்பதைச் சோதிக்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

ஆய்வு விளையாட்டாகிறது

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் என்னும் உயிர்வேதியியலாளரின் குழு, புரதங்களின் வடிவத்தைக் கணிக்க ‘ரோசெட்டா’ என்னும் மென்பொருளை உருவாக்கியிருந்தது. அதற்குப் பேரளவிலான கணினித்திறன் தேவைப்பட்டது. பொதுமக்கள் தங்கள் வீட்டுக் கணினிகள் ஓய்ந்திருக்கும் நேரத்தை ஆய்வுக்கு ஈயும் திட்டம் ஒன்று 2005இல் தொடங்கப்பட்டது. கணினி ஒரு புரதத்தை மடித்துப் பார்ப்பது திரையில் படமாக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் சிலர், ‘இந்த இடத்தில் கணினி தவறாக மடிக்கிறதே, நாமே இதைச் சரிசெய்ய முடிந்தால் நன்றாக இருக்குமே’ என்று எண்ணத் தொடங்கினர்.

அந்த எண்ணத்தைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல், கணினி அறிவியல் துறைகள் பொருட்படுத்தின. அவ்விரு துறைகளின் கூட்டுமுயற்சியால் 2008ஆம் ஆண்டு ‘ஃபோல்டிட்’ என்னும் விளையாட்டு வெளியானது. இதில் பகைவரும் இல்லை, ஆயுதமும் இல்லை. திரையில் ஒரு புரதச் சங்கிலி தோன்றும். ஆடுபவர் அதை இழுக்கலாம், குலுக்கலாம், நெளிக்கலாம், இரண்டு இடங்களை ரப்பர் பட்டையால் பிணைத்து நெருக்கலாம். நீரை விரும்பாத பகுதிகள் உட்புறம் மறைய வேண்டும். அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதக்கூடாது. பிணைப்புகள் பொருந்தி அமைய வேண்டும். இயற்கையில் புரதம் மிகக் குறைந்த ஆற்றல் நிலையை நாடுகிறது. எனவே, ஆற்றல் குறையக் குறைய ஆடுபவரின் புள்ளிகள் உயரும்படி விளையாட்டு அமைக்கப்பட்டது.

ஆடியவர்களுள் மிகப் பலர் உயிர்வேதியியல் பயிலாதவர்கள். எனினும், உருவங்களை நோக்கி, எது எதனோடு பொருந்தும் என உணரும் மனித இயல்பு அவர்களுக்குத் துணைநின்றது. ஆற்றலைக் குறைக்க முயலும் கணினி, சிறிய பள்ளத்தில் இறங்கியதும் அதுவே அடிவாரம் என்று நின்றுவிடும். மனிதரோ, தற்காலிகமாகப் புள்ளிகள் குறைந்தாலும் கட்டியதைக் கலைத்துவிட்டு வேறு வழியில் முயலத் துணிந்தனர். 2010இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வுக்கட்டுரை இதனை எடுத்துக்காட்டியது. அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ‘ஃபோல்டிட் விளையாட்டாளர்கள்’ என்னும் பெயரும் இடம்பெற்றது.

மூன்று வாரங்களும் பத்தாண்டுகளும்

இந்தப் பின்னணியில்தான் 2011ஆம் ஆண்டுச் செய்தியைப் படிக்க வேண்டும். குரங்குகளைத் தாக்கும் ரெட்ரோ வைரஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ், அவற்றில் எய்ட்ஸ் போன்ற நோயை உண்டாக்குகிறது. அந்த வைரஸ் பெருகுவதற்குத் தேவையான நொதி ஒன்றின் வடிவமே புதிராக இருந்தது. எக்ஸ் கதிர்ப் படங்கள் கிடைத்திருந்தன. ஆனால், அவற்றைப் படிப்பதற்கு உதவும் நல்ல மாதிரி கிடைக்கவில்லை. கணினியால் உருவாக்கிய மாதிரிகளும் பயன்தரவில்லை. இறுதியில் அப்புதிர் ஃபோல்டிட் விளையாட்டாளர்களின் முன் வைக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்குள் ஒரு குழுவினர், ஒருவர் மடித்ததை மற்றவர் திருத்தி மேம்படுத்தியவாறே, பயன்தரத்தக்க மாதிரியை உருவாக்கினர். அதைக் கொண்டு அறிவியலாளர்கள் நொதியின் முழு வடிவத்தையும் கணக்கிட்டு முடித்தனர்.

ஆகவே, செய்தி பொய்யன்று. ஆனால், தலைப்பு விழுங்கிய உண்மைகள் பல. படிகத்தை வளர்த்துப் படமெடுத்தவர்கள் ஆய்வாளர்கள். அவர்களின் பல்லாண்டு உழைப்பு இல்லையேல் விளையாட்டாளர்களின் மாதிரியை எதனோடும் ஒப்பிட்டிருக்க முடியாது. விளையாட்டின் அடித்தளமோ ரோசெட்டா மென்பொருள். விளையாட்டாளர்கள் அளித்தது தொடக்க மாதிரி. அதைச் செம்மையாக்கி முடித்தவர்கள் வல்லுநர்கள். ஆராயப்பட்டது குரங்கு வைரஸின் நொதி. மனிதரைத் தாக்கும் எச்.ஐ.வி.யின் நொதியும் அதே வகையைச் சேர்ந்தது என்பதால், அதன் வடிவம் மருந்து ஆய்வுக்கு உதவக்கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது. மருந்து எதுவும் பிறந்துவிடவில்லை.

இவற்றை அறிந்தபின் தொடக்கத்தில் கண்ட மூன்று கருத்துகளும் தாமாகவே உதிர்கின்றன. ஆய்வுக்கூடம் தேவையற்றதாகிவிடவில்லை. எல்லா விளையாட்டுக்கும் இப்பெருமை உரியதாகிவிடவில்லை. நிகழ்ந்தது கட்டுக்கதையும் அன்று. அறிவியலாளர், மென்பொருள், பயிற்சி பெறாத பொதுமக்கள் ஆகிய மூன்று தரப்பும் தத்தமக்கு இயன்றதைச் செய்து சேர்ந்து கண்ட வெற்றி அது. தலைப்புச் சொன்னதைவிட இவ்வுண்மை அடக்கமானது. ஆனால் அதைவிடச் சுவையானது.

> தெரியுமா?
>
> 1958ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பார்வையாளர் நாள் நடைபெற்றது. வெறும் காட்சிப் பொருள்களைப் பார்த்துப் பார்வையாளர் சலிப்படையக் கூடாது என்று எண்ணிய இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம், அலைவுகாட்டியின் சிறிய திரையில் ஒளிப்புள்ளியைப் பந்தாக்கி, இருவர் ஆடும் டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். அதை ஆட மக்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றனர். அதைப் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதாத அவர், காப்புரிமை எதையும் பெறவில்லை. இன்று அது கணினி விளையாட்டு வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இடம்பெறுகிறது.

முப்பத்தேழாவது காய்

விரைந்த தீர்ப்பு பொதுமக்களுக்கு மட்டுமே உரிய குறை என எண்ணிவிடலாகாது. வல்லுநரும் அதற்கு ஆட்படுவதுண்டு. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் தென்கொரியத் தலைநகர் சியோலில் நடைபெற்ற போட்டி அதற்குச் சான்று. கிழக்காசியாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆடப்படும் ‘கோ’ என்னும் பலகை விளையாட்டில், உலகப் புகழ்பெற்ற கொரிய வீரர் லீ செடோலும் ‘ஆல்ஃபாகோ’ என்னும் கணினி நிரலும் ஐந்து ஆட்டங்களில் மோதினர். இலண்டனில் டெமிஸ் ஹசாபிஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் 2010இல் தொடங்கிய டீப்மைண்ட் நிறுவனம் அந்நிரலை உருவாக்கியிருந்தது.

பத்தொன்பது கோடுகள் நெடுக்கிலும் பத்தொன்பது கோடுகள் குறுக்கிலும் செல்லும் பலகையில், கோடுகள் சந்திக்கும் 361 புள்ளிகளில் கறுப்பு, வெள்ளைக் காய்களை மாறிமாறி வைத்து இடத்தை வளைப்பதே ஆட்டம். சதுரங்கத்தைவிட இதில் எழும் நிலைகள் எண்ணற்றவை. எனவே, கணினி இதில் மனிதரை வெல்ல இன்னும் பல்லாண்டுகள் ஆகும் என்பதே பரவலான கருத்தாக இருந்தது. தாம் பெரும் வேறுபாட்டில் வெல்வதாக லீ செடோலும் போட்டிக்குமுன் நம்பிக்கை தெரிவித்தார். முதல் ஆட்டத்தில் ஆல்ஃபாகோ வென்றது.

இரண்டாம் ஆட்டத்தில் முப்பத்தேழாவதாக வைக்கப்பட்ட காய் அனைவரையும் திகைக்கச் செய்தது. தேர்ந்த ஆட்டக்காரர் எவரும் அச்சூழலில் அங்குக் காய் வைக்கமாட்டார். ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்த வல்லுநர்கள் முதலில் அதைப் பிழையோ என்று ஐயுற்றனர். ஆட்டம் வளர வளர அந்தக் காய் பலகையின் பிற பகுதிகளுக்கு வலுச்சேர்ப்பது புலப்பட்டது. பிழையெனத் தோன்றியது, ஆட்டத்தின் மிகச்சிறந்த நகர்வாகப் போற்றப்பட்டது. அந்த ஆட்டத்தையும் ஆல்ஃபாகோ வென்றது.

மூன்றாம் ஆட்டமும் நிரலின் பக்கமே சாய்ந்தது. ‘இனி மனிதர் வெல்லவே முடியாது’ என்று கருத்து அடுத்த எல்லைக்குத் தாவியது. ஆனால், நான்காம் ஆட்டத்தில் லீ செடோல் எழுபத்தெட்டாவதாக வைத்த காய், ஆல்ஃபாகோ சற்றும் எதிர்பாராததாக இருந்தது. நிரல் தடுமாறியது, லீ செடோல் வென்றார். போட்டி 4-1 எனும் கணக்கில் நிரலுக்கே சென்றாலும், அந்த ஓர் ஆட்டம் அவசரமாக வழங்கப்பட்ட தீர்ப்பைத் திருத்தியது. ஒரே வாரத்தில் கருத்து இருமுறை இடம்மாறியது. இருமுறையும் பலகையே அதை மாற்றியது.

விடை கிடைத்ததா?

டெமிஸ் ஹசாபிஸ் சிறுவயதிலேயே சதுரங்கத்தில் சிறந்து விளங்கியவர். பதின்ம வயதிலேயே கணினி விளையாட்டுகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டவர். 1994இல் வெளியான ‘தீம் பார்க்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் உருவாக்கத்தில் அவர் பங்கு பெரிது. பின்னர்க் கணினி அறிவியலும், மூளை பற்றிய நரம்பறிவியலும் பயின்றார். ஃபோல்டிட் விளையாட்டாளர்களின் வெற்றி தம் சிந்தனையைத் தூண்டியதாகவும் அவர் கூறியிருக்கிறார். கோ பலகையை வென்ற டீப்மைண்ட் குழு, அடுத்துப் புரத மடிப்பின் பக்கம் திரும்பியது. ‘ஆல்ஃபாஃபோல்ட்’ என்னும் அதன் நிரல், ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் புரத வடிவக் கணிப்புப் போட்டியில் 2018இலும் 2020இலும் முதலிடம் பெற்றது. 2020இல் அது காட்டிய துல்லியம், பல புரதங்களில் ஆய்வுக்கூட முடிவுகளுக்கு இணையாக இருந்தது. 2022க்குள் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. 2024ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதி டேவிட் பேக்கருக்கும், மறுபாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது.

‘ஐம்பதாண்டுப் புதிரை இயந்திரம் தீர்த்துவிட்டது’ என்ற தலைப்பும் இத்துடன் பிறந்தது. இதையும் உள்ளே சென்று காண வேண்டும். அந்நிரல் கற்றுக்கொண்ட பாடநூல் எது? 1971 முதல் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் கண்டறிந்து பொதுத் தரவகத்தில் சேர்த்துவைத்த புரத வடிவங்களே அது. ஒரு வடிவத்தைக் காண ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் பலர். அவர்கள் தங்கள் முடிவுகளைப் பொதுவில் வைக்காதிருந்தால் இயந்திரம் கற்பதற்கு எதுவும் இருந்திராது. மேலும், புரதம் ஒரே நிலையில் உறைந்து நிற்பதன்று. அது அசைகிறது, வேறு மூலக்கூறுகளோடு இணைகிறது, வடிவம் மாறுகிறது. இவற்றையெல்லாம் ஒரே கணிப்பு முழுமையாகக் காட்டிவிடாது. தான் கணித்த வடிவத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு உறுதி உள்ளது என்பதை ஆல்ஃபாஃபோல்டே எண்ணால் குறித்துக் காட்டுகிறது. செய்தியின் தலைப்பில் இல்லாத அந்த அடக்கம் நிரலின் விடையில் இருக்கிறது.

> தெரிந்து தெளிவோம்
>
> கணினி விளையாட்டில் காட்சிகள் தடையின்றி விரைந்து ஓட வேண்டுமெனில், திரையின் பல இலட்சம் புள்ளிகளுக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். அதற்காக உருவாக்கப்பட்டவை வரைகலைச் செயலிகள். செயற்கை நரம்பு வலைப்பின்னலைப் பயிற்றுவிக்கவும் அதே வகைக் கணக்குகளே தேவை. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகியோர் விளையாட்டுக்கென விற்கப்பட்ட இரண்டு வரைகலைச் செயலிகளைக் கொண்டு பயிற்றுவித்த நிரல், படங்களை இனங்காணும் போட்டியில் பெரும் வேறுபாட்டில் வென்றது. இன்றைய செயற்கை நுண்ணறிவு வளர்ச்சியின் திருப்புமுனைகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

நோயா, பொழுதுபோக்கா?

ஆய்வுக்கூடச் செய்தியில் பிழையான கருத்துக் கொண்டால் இழப்பு சிறிதாக இருக்கலாம். வீட்டுக்குள் நுழையும் செய்தியில் அப்படி இருப்பதில்லை. உலக நலவாழ்வு அமைப்பு, நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டுப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் ‘விளையாட்டுப் பழக்கக் கோளாறு’ என்பதைச் சேர்த்தது. உலக நலவாழ்வு மன்றம் 2019 மே மாதம் அப்பதிப்பை ஏற்றது. 2022 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இச்செய்தி, ‘கணினி விளையாட்டு ஒரு நோய்’ என்று சுருங்கிப் பல இல்லங்களை அடைந்தது. பெற்றோர் சிலருக்கு அது பிள்ளையின் கையிலுள்ள கருவியைப் பறிக்கக் கிடைத்த சான்றாயிற்று. பிள்ளைகள் சிலருக்கோ அது முதியோரின் அறியாமையைக் காட்டும் மற்றொரு செய்தியாயிற்று.

பட்டியல் சொல்வது வேறு. விளையாடுவதை நோய் என்று அது சொல்லவில்லை. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பன தம் கட்டுப்பாட்டில் இல்லாது போதல். உணவு, உறக்கம், படிப்பு, உறவு முதலியவற்றைவிட விளையாட்டுக்கே முதலிடம் தருதல். தீங்கு விளைவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். அவை வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்க வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டு மாதங்கள் அந்நிலை நீடித்திருக்க வேண்டும். விளையாடுவோருள் சிறு பகுதியினரே இதற்கு ஆளாகின்றனர் என்பதையும் அவ்வமைப்புத் தெளிவுபடுத்தியுள்ளது.

இந்த விளக்கம் இரு தரப்பையும் நோக்கிப் பேசுகிறது. மாலையில் ஒரு மணி நேரம் ஆடும் பிள்ளையை நோயாளி என்று அழைக்க அது இடம்தரவில்லை. அதேவேளையில், உறக்கத்தையும் உணவையும் மறந்து, தேர்வில் தோற்றும், நண்பரை இழந்தும் நிறுத்த இயலாமல் தவிப்பவரிடம், ‘இது வெறும் பொழுதுபோக்கு’ என்று சொல்லவும் இடம்தரவில்லை. அவருக்குத் தேவை பழிச்சொல்லன்று, மருத்துவ உதவி. செய்தியைத் தலைப்பளவில் நிறுத்தும் வீட்டில் முதல் பிள்ளை வீணாக இகழப்படும். இரண்டாம் பிள்ளை உதவியின்றி விடப்படும்.

இத்தகைய பாகுபாட்டைச் சட்டமும் செய்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 2023இல் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற சட்டம், தன் பெயரிலேயே இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்வதையும், இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்துவதையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. பணத்தைப் பணயம் வைக்கும் ஆட்டமும் பொழுதைப் போக்கும் ஆட்டமும் திரையில் ஒன்றுபோலத் தோன்றலாம். விளைவில் அவை ஒன்றல்ல.

தீர்ப்புக்கு முன்

மேற்கண்ட நிகழ்வுகள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. செய்தி பொய்யாக இருந்ததில்லை. அதிலிருந்து விரைந்து பெறப்பட்ட தீர்ப்பே பொய்த்தது. எனவே, பொய்ச் செய்தியை இனங்காணுவது மட்டும் போதாது. மெய்ச் செய்தியைச் சரியாகப் படிக்கவும் பழக வேண்டும். எச்செய்தியை எவரிடம் கேட்டாலும் அதன் உண்மைப் பொருளை ஆராய்ந்து காண்பதையே அறிவு என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துகிறார்.

அதற்குச் சில வினாக்கள் போதும். உண்மையில் நிகழ்ந்தது என்ன? குரங்கு வைரஸின் நொதி வடிவமா, மனிதரின் நோய்க்கு மருந்தா? அதைச் செய்தவர் யார், எவருடைய உழைப்பின்மேல் நின்று செய்தார்? இன்னும் நிகழாதது எது? செய்தி எல்லாரையும் குறிக்கிறதா, ஒரு சிலரை மட்டுமா? எந்தச் சான்று கிடைத்தால் இக்கருத்தை மாற்றிக்கொள்ளலாம்? இவ்வினாக்களைக் கேட்கத் தனிக்கல்வி தேவையில்லை. சற்றுப் பொறுமை தேவை. இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்வதும் ஒரு கருத்தே. ஆராய்ச்சிக்கூடங்களில் மிகுதியாக ஒலிக்கும் கருத்தும் அதுவே.

ஃபோல்டிட் விளையாட்டாளர்களிடமிருந்து கற்க வேண்டியதும் இதுவே. தாம் மடித்த வடிவம் அழகாக இருக்கிறது என்று அவர்களுள் ஒருவர் எண்ணியதால் மட்டும் அவருடைய புள்ளிகள் உயர்ந்துவிடவில்லை. புள்ளிகள் உயர்ந்ததால் மட்டும் அவ்வடிவம் விடையாகிவிடவும் இல்லை. குழுவிலுள்ள பிறர் அதைத் திருத்தினர். பின்னர் அது எக்ஸ் கதிர்ப் படத்தின் முன் நிறுத்தப்பட்டது. படத்தோடு பொருந்திய பிறகே உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

கற்பவை கற்றபின்

1. அறிவியல் அல்லது தொழில்நுட்பம் பற்றிய நாளிதழ்ச் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தலைப்பு சொல்வதையும் செய்தியின் உட்பகுதி சொல்வதையும் இரு பத்திகளாக எழுதி, வகுப்பறையில் ஒப்பிட்டுப் பேசுக.
2. ‘கணினி விளையாட்டு: பயனும் வரம்பும்’ என்னும் பொருளில் பெற்றோர் தரப்பாகவும் மாணவர் தரப்பாகவும் பிரிந்து கலந்துரையாடுக. முடிவில், எதிர்த்தரப்பின் கருத்துகளுள் ஏற்கத்தக்க ஒன்றை ஒவ்வொரு தரப்பும் எடுத்துரைக்க.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. ஃபோல்டிட் விளையாட்டில் ஆடுபவரின் புள்ளிகள் உயர்வது எப்போது?
அ) புரதச் சங்கிலி நீளும்போது
ஆ) புரதத்தின் ஆற்றல் நிலை குறையும்போது
இ) அணுக்கள் ஒன்றோடொன்று மோதும்போது
ஈ) ஆட்டம் விரைவில் முடியும்போது

2. புரதச் சங்கிலி திரும்பக்கூடிய கோணங்களைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்ட குழுவில் இடம்பெற்றவர்
அ) டேவிட் பேக்கர்
ஆ) ஜான் ஜம்பர்
இ) கோ. நா. இராமச்சந்திரன்
ஈ) வில்லியம் ஹிகின்பாதம்

*குறுவினா*

1. எக்ஸ் கதிர்ப் படத்திலிருந்து புரத வடிவத்தைக் கணக்கிடுவதில் உள்ள இடர்ப்பாடு யாது?
2. ஆல்ஃபாகோ வைத்த முப்பத்தேழாவது காய் வல்லுநரைத் திகைக்கச் செய்தது ஏன்?

*சிறுவினா*

1. 2011ஆம் ஆண்டுச் செய்தித் தலைப்புகள் கூறாமல் விட்ட உண்மைகளைத் தொகுத்து எழுதுக.
2. விளையாட்டுப் பழக்கக் கோளாறுக்கு உலக நலவாழ்வு அமைப்பு வகுத்துள்ள கூறுகளை விளக்குக.

*நெடுவினா*

‘பொய்ச் செய்தியை இனங்காணுவது மட்டும் போதாது, மெய்ச் செய்தியைச் சரியாகப் படிக்கவும் பழக வேண்டும்’ என்னும் கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளோடும், நீவிர் அறிந்த வேறொரு செய்தியின் துணையோடும் நிறுவுக.